பற்றைக் காணியும் கஞ்சாச் செடியும்

போன மாரி தொடங்குகிற நேரம், ஒருநாள் விடியவே பக்கத்துக் காணி ஐயா தொலைபேசி எடுத்தார். "தம்பி, உங்கட சித்தியின்ர வளவுக்குள்ள ராவில ஆக்கள் போய் வருகினம். வாளிச் சத்தம் கேக்குது. கஞ்சா கிஞ்சா வைச்சிருக்கிறாங்களோ தெரியேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

சித்தி ரொறன்ரோவில் இருக்கிறார். இங்கே அவருக்கு ஆறு பரப்புக் காணி, ஒரு கிணறு, கூரை போன ஒரு வீடு. காணி முழுக்க வடலியும் நாயுண்ணியும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. நானும் ஐயாவும் ஆளுக்கொரு கத்தியோடு உள்ளே இறங்கினோம். கிணற்றடிக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை, மிதித்து மிதித்துப் பளிச்சென்று இருந்தது. அதன் முடிவில் பாதி மண்ணில் புதைத்த இரண்டு நீலப் பரல்கள், கரிபிடித்த மூன்று கல், கிழிந்த சீனிப்பை, புளித்த வாடை. கோடா, கள்ளச்சாராயம் காய்ச்சப் புளிக்கவிடும் ஊறல். ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அட, கசிப்பே" என்றார். அவருடைய குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

அந்த ஏமாற்றம் எனக்கு விளங்கியது. ஆளில்லாத காணி, ராத்திரி நடமாட்டம், தண்ணீர் வாளி என்றால் ஊருக்கு இப்போது முதலில் நினைவு வருவது கஞ்சாத் தோட்டம்தான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படித் தோட்டம் என்று சொல்லத்தக்க ஒன்று பிடிபட்டதாகச் செய்தி வருவது மிக அரிது. வருவதெல்லாம் வீட்டு வளவில் ஒன்றிரண்டு செடி, மரக்கறிப் பாத்திக்குள் நாலைந்து செடி. கிலோக்கணக்கில் பிடிபடுவது எப்போதும் கடற்கரையில், படகில், பொதியாக. ஏன் இப்படி? இவ்வளவு பற்றைக் காணி இருக்கிற ஊரில் மறைத்துப் பயிரிடுவது ஏன் வேரூன்றவில்லை? அதை விளங்கிக்கொள்ள, இந்த ஒளித்துப் பயிரிடும் வழக்கம் எங்கே, எதனால் வந்தது என்று பார்க்கவேண்டும்.

ஆளில்லாத இடத்தில், பெரும்பாலும் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், யாருக்கும் தெரியாமல் கஞ்சா வளர்ப்பதை உலகம் 'கெரில்லாப் பயிர்' என்று சொல்கிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் வேறு ஞாபகங்கள் வரும். 1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தபோது அதை எதிர்த்த ஊர்க் கூட்டங்களின் சண்டைக்கு ஸ்பானிய மொழியில் இட்ட பெயர் அது. சின்னப் போர் என்று பொருள். பயிருக்கு அந்தப் பெயர் பொருந்தியதற்குக் காரணம் துவக்கு இல்லை, காடு. வருவது தெரியாது, போவது தெரியாது, பிடித்தாலும் ஆள் அந்த நிலத்துக்காரன் இல்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பலரும் இதைச் செடியின் கதையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது முழுக்க முழுக்கக் காணியின் கதை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட், மென்டசீனோ, டிரினிட்டி என்று மூன்று மாவட்டங்கள். மூன்றையும் சேர்த்து மரகத முக்கோணம் என்பார்கள். 1960களின் கடைசியில் நகரத்தை வெறுத்து மலைக்குப் போன இளைஞர்கள் அங்கே மலிவாகக் காணி வாங்கிக் குடியேறினார்கள். அதுவரை அமெரிக்காவுக்குக் கஞ்சா பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்தது. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்க உதவியோடு மெக்சிக்கோ அரசு கஞ்சாத் தோட்டங்களின் மேல் பராகுவாட் என்ற களைகொல்லியை விமானத்தால் அடிக்கத் தொடங்கியது. நஞ்சடித்த கஞ்சாவுக்குப் பயந்தவர்கள் உள்ளூர்ச் சரக்கைத் தேடினார்கள். மலைக்குப் போனவர்களுக்கு அது பிழைப்பாகிவிட்டது.

அதுவரை அவர்கள் வளர்த்தது தங்கள் சொந்தக் காணியில். 1983இல் கலிபோர்னியா அரசு கஞ்சா ஒழிப்புக்கென்று தனி நடவடிக்கை தொடங்கி, ஹெலிகொப்டரில் மலை மலையாகத் தேடியது. அடுத்த ஆண்டு வந்த கூட்டாட்சிச் சட்டம், போதைப்பொருள் குற்றத்தில் தொடர்புள்ள சொத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை விரித்தது. சொந்தக் காணியில் செடி பிடிபட்டால் காணியே போகும் என்ற நிலை. அப்போதுதான் பயிர் வேலியைத் தாண்டி அரசாங்கக் காட்டுக்குள், தேசிய வனங்களுக்குள் நகர்ந்தது. செடியைப் பிடுங்கலாம், ஆனால் அதை எந்தக் காணி உறுதியோடும் சேர்த்துக் கட்ட முடியாது. சட்டம் எங்கே இறுக்கியதோ அங்கிருந்து பயிர் ஓடியது. ஓடிய இடம் எல்லாருக்கும் பொதுவான இடம்.

பொதுக் காட்டுக்குப் போனபின் நடந்தது வேறு கதை. சொந்தக் காணியில் வளர்த்தவனுக்கு அடுத்த வருடமும் அந்த மண் வேண்டும், அந்த ஓடை வேண்டும். காட்டில் ஒளித்து வளர்ப்பவனுக்கு ஒரு போகம் போதும். ஓடையைக் குழாய் போட்டு வற்ற வைத்தார்கள், மலைச்சரிவை வெட்டினார்கள், உரப்பைகளையும் பிளாஸ்டிக்கையும் போட்டுவிட்டு நடந்தார்கள். செடியின் தண்டை எலி கடிக்காமல் இருக்க எலிப்பாஷாணத்தைச் சுற்றிவர இறைத்தார்கள். அந்த எலியைத் தின்றவைக்கு என்ன நடந்தது என்பதை 2012இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கீரியைவிடப் பெரிய, மரமேறும் ஒரு வேட்டை விலங்கு அந்தக் காடுகளில் இருக்கிறது. கலிபோர்னியாவில் செத்துக் கிடந்த 58 விலங்குகளைச் சோதித்ததில் 46இன் உடம்பில் இரத்தத்தை உறையவிடாத எலிமருந்து இருந்தது. வீடு வாசல் இல்லாத நடுக்காட்டில் வாழும் பிராணியின் உடம்பில் எலிமருந்து எப்படி வந்தது என்று தேடிப்போனபோதுதான் ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம் கஞ்சாத் தோட்டங்களின் மேல் விழுந்தது. 'இயற்கை மூலிகை' என்று சொல்பவர்களுக்கு இதை ஒருமுறை வாசிக்கக் கொடுக்கலாம்.

சரி, எங்கள் தீவுக்கு வருவோம்.

இலங்கையில் இந்த வழக்கத்தின் வீடு வடக்கு இல்லை, தென்கிழக்கு. மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கம். வெல்லவாய, தனமல்வில, ஹம்பேகமுவ, சூரியவெவ, லுணுகம்வெஹெர என்ற பெயர்களைப் பத்திரிகை வாசிப்பவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். 'விசேட அதிரடிப்படையினர் முற்றுகை, கஞ்சாச் சேனை தீக்கிரை' என்ற தலைப்புக்குக் கீழே, ஆளுயரச் செடிகளுக்கு நடுவில் சீருடைக்காரர் நிற்கும் படம். அங்கே சேனை என்பது பழைய விவசாய முறை. காட்டில் ஒரு துண்டை வெட்டி, வெயிலில் காயவிட்டு எரித்து, ஐப்பசி மழையோடு குரக்கனும் சோளமும் பயறும் விதைத்து, ஒன்றிரண்டு போகத்துக்குப் பிறகு விட்டுவிட்டு வேறு துண்டுக்குப் போவது. அரச காட்டை வெட்டித் தற்காலிகமாகப் பயிர் செய்யும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடத்தில், கஞ்சா தனக்கென்று புதிய முறை எதையும் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. காட்டுக்குள் போகும் பாதை, காவல் குடில், தீ வைக்கும் காலம் எல்லாம் ஏற்கனவே இருந்தன. சோளத்துக்குப் பதிலாக வேறு விதை.

அங்கேயும் பயிர் மெல்ல மெல்ல உள்ளுக்குப் போனது. ஊரோரச் சேனையிலிருந்து வனத்திணைக்களத்துக் காட்டுக்கு, அங்கிருந்து உடவளவை, யால போன்ற சரணாலயங்களின் ஓரத்துக்கு. அங்கே யானை இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது. அவற்றை விரட்டக் கட்டுத்துவக்கு இருக்கிறது. கட்டுத்துவக்கு என்றால் விலங்கு நடக்கும் பாதையில் கம்பி கட்டி, கம்பி இழுபட்டதும் வெடிக்கும்படி வைக்கும் உள்ளூர்த் துவக்கு. அதற்கு யானை, பன்றி, மனிதன் என்ற வித்தியாசம் தெரியாது.

இதே கதையை இந்தியாவிலும் காணலாம், அது எங்களுக்கு இன்னும் கிட்டியது. ஒரு காலத்தில் இடுக்கி மலையில் விளைந்த நீலச்சடையன் பேர்போன சரக்கு. கேரளக் கஞ்சா என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கேரளத்தில் சோதனைகள் இறுகின. பயிர் அங்கிருந்து கிளம்பி ஆந்திரா – ஒடிசா எல்லை மலைகளுக்குப் போனது. பொலிஸார் எளிதில் நுழையாத, மாவோயிஸ்டுகளின் நடமாட்டம் இருந்த ஆதிவாசிக் கிராமங்கள். 2021இன் கடைசியில் ஆந்திரப் பொலிஸார் 'பரிவர்த்தனா' என்ற பெயரில் நடவடிக்கை எடுத்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் செடியை அழித்தார்கள். ஆக, எங்கள் கடற்கரையில் 'கேரளக் கஞ்சா' என்று பிடிபடுவதில் பெரும்பகுதி கேரளத்தைக் கண்டதே இல்லை. விசாகப்பட்டினத்துக்கு மேற்கே மலையில் விளைந்து, தமிழ்நாட்டுக் கரைக்கு லொறியில் வந்து, பாக்கு நீரிணையைப் படகில் தாண்டுகிறது. பெயர் மட்டும் கேரளம். யாழ்ப்பாணத்துக் கடைகளில் சில மாம்பழம் எங்கே பழுத்தாலும் கறுத்தக் கொழும்பான் ஆவதைப்போல.

இப்போது குடாநாட்டு மண்ணைப் பாருங்கள். ஒளித்துப் பயிரிடுபவனுக்கு வேண்டியவை எதுவுமே இங்கே ஒன்றாகச் சேர்ந்து கிடைக்காது.

தண்ணீர் முதல் தடை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களுக்குச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் நன்னீர்தான் கதி. அதை எடுக்கக் கிணறு வேண்டும். கிணற்றில் இறைக்க மோட்டரோ மண்ணெண்ணெய் மெசினோ வேண்டும். காடு உள்ள ஊரில் ஓடை ஒளிந்து ஓடும், யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே தண்ணீருக்குச் சத்தம் உண்டு. செம்பாட்டுத் தறையில் யார் எந்த நேரத்தில் மெசினைத் தட்டுகிறார்கள், எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது, இன்றைக்கு ஏன் பிந்திவிட்டது என்று பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியும். பல இடங்களில் ஒரு கிணற்றுக்கு நாலைந்து பங்குகாரர், முறை வைத்து இறைப்பார்கள். ஐயா எனக்குத் தொலைபேசி எடுத்ததே வாளிச் சத்தம் கேட்டுத்தான். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

அடுத்தது கண். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ். மாவட்டத்தில் ஏறத்தாழ 5.8 லட்சம் பேர். நிலமோ ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீற்றர், அதிலும் ஒரு பகுதி உப்புத் தரவையும் மணலும் நீரேரியும். மலை கிடையாது. காடு என்று சொல்ல அரிதாகவே ஏதும் உண்டு. மணற்காட்டுச் சவுக்குத் தோப்புக்குள் நின்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும். வேலி நிறைய உண்டு, ஆனால் கிடுகு வேலியோ மதிலோ எதையும் மறைப்பதில்லை. எங்கள் வேலிகள் எட்டிப் பார்ப்பதற்காகவே கட்டியவை என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள். வேலிக்கு அங்கால் ஒரு புதுச்செடி இலை விட்டால் மூன்றாம் நாள் "அதென்ன மரம் பிள்ளை?" என்று கேள்வி வரும்.

அதன்பின் காலம். கசிப்புக்கு ஒரு கிழமை போதும். பரலைப் புதைத்து, புளிக்கவிட்டு, ஓரிரவு காய்ச்சி, காலையில் போய்விடலாம். கஞ்சாவுக்கு விதை போட்டதிலிருந்து பல மாதங்கள் தேவை. சும்மா விட்டுவிட்டு வரும் பயிரும் இல்லை. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போதை தரும் பிசின் பெண் பூவில்தான் திரளும். ஆண் பூவின் மகரந்தம் காற்றில் பறந்து பெண் பூவில் விழுந்தால் பூ விதையாகிவிடும், விலை போகாது. அதனால் வளர்ப்பவன் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்குப் போகவேண்டும். போனால் பாதை விழும். பூக்கும் காலத்தில் வாடை வேறு. எலுமிச்சையும் கொழுந்தும் காட்டுப்பூனை மூத்திரமும் சேர்ந்தாற்போன்ற அந்த வாடையைக் காற்று வேலி தாண்டிக் கொண்டுபோகும். பகல் நீளத்தையும் சொல்லலாம். இந்தச் செடி இரவு நீளுவதைக் கணக்கிட்டுப் பூப்பது. எங்கள் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் மட்டுமே. குளிர்நாட்டு விதை இங்கே சரியாக வளருமுன்பே பூத்துவிடும். வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவந்து பரிசோதித்துப் பார்க்கும் 'விற்பன்னர்கள்' பலர் இதில் சறுக்குகிறார்கள்.

இதைச் சொன்னால், வன்னியில் காடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனையிறவைத் தாண்டினால் ஓடை உண்டு, குளம் உண்டு, மரம் உண்டு. ஆனால் அந்தக் காடு முப்பது வருடம் யுத்தம் நடந்த காடு. முகமாலைப் பக்கம் ஒவ்வொரு அடியாக மண்ணைச் சுரண்டிக் கண்ணிவெடி எடுத்தவர்களைக் கண்டவர்கள், தெரியாத பற்றைக்குள் இலகுவில் காலை வைக்கமாட்டார்கள். 2009க்குப் பிறகு இராணுவ முகாமும் காவலரணும் காட்டோரங்களில் நிலைத்துவிட்டன. தெற்குச் சேனைக்காரனுக்குக் காடு ஒளிவிடம். வன்னிக்காரனுக்கு அது கேள்வி கேட்கப்படும் இடம். ஒரு தமிழ்ப் பெடியன் காட்டுக்குள் உரப்பையோடு போய்வந்தால் அவனிடம் முதலில் கேட்கும் கேள்வி கஞ்சாவைப் பற்றியதாக இருக்காது. அதற்காக வன்னியில் செடியே இல்லை என்று சொல்லவரவில்லை. தென்கிழக்குப்போல அது ஒரு தொழிலாக ஊன்றுவதற்கான மண் அங்கே இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் கடல். யுத்த காலத்தில் அந்தக் கடல் பூட்டிக் கிடந்தது. மீன்பிடிக்கே நேரம், தூரம், பாஸ். 2009க்குப் பிறகு கடல் திறந்தது. தமிழ்நாட்டுக் கரையில் கோடியக்கரை, வேதாரணியம், இராமேஸ்வரம். இந்தப் பக்கம் மாதகல், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, வடமராட்சி கிழக்கில் கட்டைக்காடு, வெற்றிலைக்கேணி, தீவுப்பகுதி, அப்பால் மன்னார். நடுவில் சில மணித்தியாலப் படகு ஓட்டம். வல்வெட்டித்துறைக்கு வேதாரணியம் எத்தனையோ தலைமுறையாகப் பழக்கமான கரை. புடைவையும் பீடியும் போய்வந்த தடத்தில் இப்போது இது. மாதக்கணக்கில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி, ஆண் பெண் பிரித்து, வாடையை மறைத்து, பக்கத்துக் காணி ஐயாவுக்குப் பயந்து வளர்ப்பதைவிட, மலையில் வேறொருவன் வளர்த்து அமுக்கிப் பொதி கட்டியதை ஓர் இரவில் இறக்குவது லாபம். ஆபத்தும் ஓர் இரவுக்கு மட்டும்தான். கஞ்சா யாழ்ப்பாணத்தில் விளையாததற்குக் காரணம் யாழ்ப்பாணத்தாரின் ஒழுக்கம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். நான் நம்பவில்லை. அதே ஊரில்தான் பொதி இறங்குகிறது.

நீதிமன்ற வளவொன்றில் ஒருமுறை சான்றுப்பொருளாகக் கொண்டுவந்த பொதிகளைக் கிட்ட நின்று பார்த்தேன். உரப்பைக்குள் கறுப்புப் பொலித்தீன், அதற்குள் மண்ணிறப் பிளாஸ்டர் ஒட்டிச் செங்கல்போல இறுக்கிய கட்டிகள். கடல்நீர் பட்டு ஒரு மூலை ஊறியிருந்தது. இலை என்று சொல்ல அதில் ஒன்றும் தெரியவில்லை. வைக்கோலும் பாசியும் சேர்த்து மிதித்ததுபோல. பாரமெடுத்து எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் அடிக்கடி தும்மினார். பக்கத்தில் கைவிலங்கோடு இரண்டு பெடியள், ஒருவனுக்குச் செருப்பு இல்லை. பொதிக்குச் சொந்தக்காரர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள்.

தெற்குச் சேனையிலும் இதுதான். பிடிபடுபவன் குடிலில் படுத்திருந்த காவல்காரன். விதைக்கும் உரத்துக்கும் பணம் போட்டவன் வேறெங்கோ ஒரு பட்டினத்தில் இருக்கிறான். ஆந்திர மலையில் பிடிபடுபவர் ஆதிவாசி, முன்பணம் கொடுத்தவர் சமவெளிக்காரர். கலிபோர்னியக் காட்டில் ஹெலிகொப்டர் கண்டதும் ஓடத் தெரியாமல் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த கூலியாள். அடுத்தவர் நிலத்தில் பயிரிடும் முறை, அடுத்தவர் உடம்பால் ஆபத்தைச் சுமக்கும் முறையும்தான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் ஊரில் நிறையத் தப்பான கதை உலாவுகிறது. இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தது. 1984இல் அதை இறுக்கித் திருத்தி, ஹெரோயின் போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கடத்தினால் மரணதண்டனை அல்லது ஆயுள் சிறை என்று வைத்தார்கள். நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1976இல், ஆகவே அது தாளில் மட்டும் இருக்கிறது. கஞ்சாச் செடியை அனுமதியின்றி வளர்ப்பது குற்றம். பூச்சட்டியில் ஒரு செடி என்றாலும் குற்றம்தான். "ஒரு செடி வைக்கலாம், மருந்துக்கு என்றால் விடுவாங்கள்" என்பது வெறும் கதை.

மருந்து என்ற பேச்சிலும் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் சித்த வைத்தியத்தில் கஞ்சாவுக்குப் பழைய இடம் உண்டு. பங்கி, சிவமூலி என்று ஏட்டில் பெயர் இருக்கிறது. பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து, லேகியத்தில் சிறு பங்காகச் சேர்ப்பார்கள். ஆயுர்வேதத்திலும் அப்படித்தான். ஆனால் இந்த நாட்டில் அந்த மருந்துக்கான கஞ்சா எங்கிருந்து வந்தது தெரியுமா? பொலிஸார் பிடித்து, வழக்கு முடிந்தபின் நீதிமன்றம் விடுவித்த சான்றுப்பொருளிலிருந்து. வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். அதற்குள் சரக்கின் வீரியம் போய்விடுகிறது என்று வைத்தியர்கள் முறையிட, அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன 2017இல் அரசே நூறு ஏக்கரளவில் மருந்துக்காகப் பயிரிடும் திட்டமொன்றை முன்வைத்தார். 2022 நெருக்கடிக்குப் பிறகு பேச்சு ஏற்றுமதிக்கு மாறியது. டொலர் வேண்டும், கஞ்சாவை விற்கலாம் என்று பாராளுமன்றத்திலேயே பேசினார்கள். 2023 வரவுசெலவுத் திட்டத்தில் அதை ஆராய நிபுணர் குழு என்றார்கள். பிறகு முதலீட்டாளர்களுக்கு, வேலி போட்ட, காவல் போட்ட காணியில், ஏற்றுமதிக்கு மட்டும் வளர்க்கும் திட்டம் என்று வந்தது. சேனைக்காரனுக்கு அதில் பங்கு இல்லை. உரிமம் வாங்குவதற்கும் காணி வேண்டும், முதல் வேண்டும், கொழும்பில் ஆள் வேண்டும்.

உரிமம் வந்தால் காட்டுப் பயிர் தானாக ஒழிந்துவிடும் என்று நம்புபவர்கள் கலிபோர்னியாவைப் பார்க்கலாம். அங்கே 1996இல் மருந்துக்கும் 2016இல் பொழுதுபோக்குக்கும் மக்கள் வாக்களித்து அனுமதித்தார்கள். உரிமக் கட்டணமும் வரியும் ஏறியபோது மலையின் சின்னப் பயிர்க்காரர் பலர் நொடித்துப்போனார்கள். காட்டுக்குள் உரிமமில்லாப் பயிர் குறைந்தாலும் முற்றாக நிற்கவில்லை. தாய்லாந்து 2022இல் திறந்துவிட்டு, 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடியும் இறுக்கியது. திறப்பதா பூட்டுவதா என்பது ஒரு சண்டை. காட்டில் யார் வளர்க்கிறார்கள், யாருக்காக வளர்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி, அதற்கு இரண்டு பக்கத்தாரும் அவ்வளவாக விடை சொல்வதில்லை.

2023 மார்கழியில் 'யுக்திய' என்ற பெயரில் நாடு முழுக்கப் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது எங்கள் பக்கமும் வீடு வீடாகச் சோதனை நடந்தது. அந்த நாட்களில் இங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் கதைத்தது கஞ்சாவைப் பற்றிக் குறைவு, ஐஸ் என்கிற இரசாயனப் போதைப்பொருளைப் பற்றி அதிகம். ஐஸுக்குச் செடியே தேவையில்லை. காணி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பருவம் வேண்டாம், வாடையும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும். ஆளில்லாக் காணியைச் சுற்றிவந்து செடி தேடும் எங்கள் பயம் கொஞ்சம் பழைய பயம்.

ஆனாலும் ஆளில்லாக் காணி என்ற பிரச்சினை அப்படியே கிடக்கிறது. 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் வலிகாமம் வடக்குக் காணிகள் துண்டு துண்டாக விடுபட்டபோது, முப்பது வருடப் பற்றையோடுதான் கைக்கு வந்தன. உரித்துக்காரரில் பாதிப்பேர் லண்டனிலும் ஸ்காபரோவிலும் பாரிஸிலும். ஒரு காணிக்கு ஒன்பது பங்குகாரர், அதில் மூன்று பேர் ஒருவரோடொருவர் கதையில்லை. துப்புரவாக்கக் காசு யார் அனுப்புவது என்று முடிவாகுமுன் அடுத்த மாரி வந்துவிடும். டெங்கு நுளம்புக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சிவப்பு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போவார். உள்ளே கசிப்புப் பரலோ, களவெடுத்த மோட்டர்சைக்கிளோ, கடற்கரையிலிருந்து வந்த பொதியை ஒரு நாள் வைத்தெடுக்கும் குழியோ இருக்கலாம். தோட்டம் போட முடியாத இந்த மண், ஒரு ராத்திரிக்கு ஒளித்துவைக்க நன்றாகவே உதவுகிறது. அப்படி ஒரு பொதி பிடிபட்டால் பொலிஸார் முதலில் தேடுவது உறுதிக்காரரைத்தான். தேடினால் கிடைப்பது ரொறன்ரோ முகவரி.

நாங்கள் கிராம அலுவலரிடம் சொன்னோம், அவர் பொலிஸுக்குச் சொன்னார், இரண்டு நாள் கழித்து வந்து பரலைக் கவிழ்த்தார்கள். யாரும் பிடிபடவில்லை. சித்திக்குப் படம் அனுப்பினேன். அன்றிரவே பதில் வந்தது. ஜேசிபி பிடித்துக் காணியைத் துப்புரவாக்கு, வேலியை அடை, காசு போடுகிறேன். கிணற்றை இறைக்கச் சொல்லி வேறாக ஒரு குரல் பதிவு. இறைத்தபோது அடியிலிருந்து வந்தது ஒரு கயிறறுந்த வாளி, இரண்டு செவ்விளநீர்க் கோம்பை, தேள் மருந்துப் போத்தல் ஒன்று. ஐயா வாளியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது என்ர வாளி" என்றார். "ரெண்டு மாசமாத் தேடினனான்."